மன்னார் வளைகுடாத் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொண்டு பதிலைத் தொடங்குகிறேன். மதுரையிலிருந்து இரண்டு குடும்பங்கள், குழந்தைகளுடன் எட்டுப் பேர், தை மாத விடுமுறையில் மண்டபம் வந்து, ஒரு நாட்டுப்படகை வாடகைக்குப் பேசி, மன்னார் வளைகுடாவில் உள்ள ஆளில்லாத் தீவு ஒன்றில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்க விரும்புகிறீர்கள். குப்பை போட மாட்டோம், மரம் வெட்ட மாட்டோம், எந்த உயிரையும் துன்புறுத்த மாட்டோம், இதைப் பொறுப்போடு செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தீவுகளில் இரவு தங்க முடியாது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் சேர்ந்து, ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படகு வைத்திருப்பவர் யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன், வாங்க" என்று சொல்லக்கூடும். பிடிபட்டால் நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள். படகும் பிழைப்பும் போவது அவருக்குத்தான். ஆகவே அப்படி ஒருவரைத் தேடவேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு பதிலை முடித்துக்கொள்ளலாம். ஆனால் தடை என்று மட்டும் சொன்னால் அது அதிகாரிகளின் பிடிவாதமாகவே உங்களுக்குத் தோன்றும். நீங்கள் நல்ல எண்ணத்தோடு கேட்டிருப்பதால், அந்தத் தீவுகள் எப்படிப்பட்டவை, எட்டுப் பேர் இரண்டு இரவுகள் தங்கினால் அங்கே என்ன நிகழும், அதற்குப் பதிலாக இந்தக் கடற்கரையை எப்படி நெருங்கிப் பார்க்கலாம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

தீவு என்றதும் பாறையும் காடும் குன்றும் கொண்ட நிலம் நம் நினைவுக்கு வருகிறது. இவை அப்படிப்பட்டவை அல்ல. பவளப்பாறைகள் உடைந்து சிதைந்த துண்டுகளும், சிப்பித் தூளும், மணலும் அலையால் ஒதுங்கிக் குவிந்து உண்டான தட்டையான மேடுகள் இவை. பெரும்பாலானவை கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்கூட இல்லாதவை. இருப்பவற்றில் பெரியதான முயல் தீவே ஏறத்தாழ 129 ஹெக்டேர்தான். பல தீவுகளைக் கால்மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அவற்றைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு: வெளியே அலையின் வேகத்தை உடைக்கும் உயிருள்ள பவளப்பாறை, உள்ளே மணலை வேரால் பிணைத்து வைத்திருக்கும் அடும்பு, இராவணன் மீசை போன்ற கொடியும் புல்லும், ஓரங்களில் உள்ள கண்டல் மரங்களும். இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும் தீவு கரையத் தொடங்கிவிடும்.

கரைந்தும் இருக்கிறது. கீழக்கரைத் தீவுக்கூட்டத்தில் இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தீவுக்கூட்டத்தில் இருந்த விலங்குசல்லியும் இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் இந்தக் கடலிலிருந்து பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுக்கும் அரண் போனபின் அந்தத் தீவுகள் நிற்கவில்லை. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேர் அளவில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் அது ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கியது. மூழ்கிவிடும் என்ற நிலையில், 2015-க்குப் பிறகு அதன் கடல்புறத்தில் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். காரியச்சல்லித் தீவு 1969-இல் ஏறத்தாழ 21 ஹெக்டேர் இருந்தது; அதில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதிதான். அதையும் இதே முறையில் மீட்கும் பணியை அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட மணல் மேட்டில் எட்டுப் பேர் தங்குவதாக வைத்துக்கொள்வோம். கூடாரம் அடிக்கச் சமதளம் வேண்டும். அது அடும்பு படர்ந்த இடமாகத்தான் இருக்கும். முளையடிப்பதாலும் நடமாட்டத்தாலும் கொடி அறுபட்ட இடத்தில் மணல் திறந்துகொள்கிறது, அடுத்த கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் அது பறந்துவிடுகிறது. பெரும்பாலான தீவுகளில் குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை. மண் உள்ள காட்டில் ஒரு குழி தோண்டி மூடினால் மண்ணே அதைச் சிதைத்துவிடும். பவளச் சல்லியும் மணலுமான இந்த நிலத்திலோ கழிவுநீர் தங்காமல் ஊறி, சில மீட்டர் தொலைவில் உள்ள பவளத்திட்டுக்கே போய்ச் சேர்கிறது. அந்தச் சத்தை உண்டு பாசி செழிக்கும். பாசி மூடிய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. சோப்பும் பாத்திரம் கழுவிய நீரும் போகும் வழியும் இதுதான். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் கவனத்தால் மாறக்கூடியது அல்ல அந்த நிலத்தின் அமைப்பு.

வெளிச்சமும் அப்படித்தான். இந்த வளைகுடாவில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. அவற்றில் ஒன்றான சித்தாமைகள் (ஆலிவ் ரிட்லி ஆமைகள்) பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. நீங்கள் திட்டமிட்ட அதே காலம். கரையேறும் தாய் ஆமை, வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் தொடுவானத்தில் எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அதை நோக்கி ஓடும் இயல்புடையவை. இருண்ட கரையில் அது கடல், கூடாரம் இருக்கும் கரையில் அது உங்கள் விளக்கு.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பூங்கா அறிவிக்கப்படும்வரை இந்தத் தீவுகள் கரையோர மீனவர்களுக்குப் பழகிய இடங்களாக இருந்தன. வலை உலர்த்தவும், காற்று கடுமையாக அடிக்கும்போது ஒதுங்கவும், கடற்பாசி எடுக்கப் போனால் சோறு பொங்கி உண்டு இளைப்பாறவும் அங்கே போய்வந்தார்கள். பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பகுதிகளில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தால் இது புரியும். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, சல்லி கிழித்துவிடாமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, நீர்க்கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய பையில் சேர்ப்பார்கள். பல தலைமுறையாகச் செய்துவந்த இந்தத் தொழிலுக்குத் தீவுப்பக்கம் போவது இன்று அவர்களுக்குத் தடை செய்யப்பட்டிருக்கிறது. இதனால் வனத்துறைக்கும் அவர்களுக்கும் இடையில் நீண்ட காலமாக மனவருத்தம் இருக்கிறது. அந்தத் தடையின் நியாய அநியாயத்தைப் பேச இது இடமில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காகப் போன பெண்ணுக்கு மூடப்பட்ட தீவு, விடுமுறையைக் கழிக்க வரும் நமக்குத் திறக்கப்படவேண்டும் என்று கேட்பதற்கு நம்மிடம் என்ன உரிமை இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. இலங்கைக் கடல் எல்லை அருகில் இருப்பதால் கடலோரக் காவல்படையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்களும் இரவில் ரோந்து செல்கிறார்கள். கடல் அட்டை உள்ளிட்டவற்றைக் கடத்துபவர்கள் ஆளில்லாத் தீவுகளைப் பயன்படுத்துவது வழக்கமானதால், இரவில் தீவில் தெரியும் ஒரு விளக்கைச் சுற்றுலாக் குடும்பத்தின் விளக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி, செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன்.

தீவைக் காலால் மிதித்துப் பார்க்கவேண்டும் என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. பாம்பனுக்கு அருகில் உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் ஏற்பாட்டில் பகல்நேரப் படகுச் சுற்றுலா நடக்கிறது. கரையோரக் கிராமங்களைச் சேர்ந்தவர்களே படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் இருப்பதால், நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்தக் கடலை நம்பியிருப்பவர்களுக்குப் போய்ச் சேருகிறது. குருசடை உலகெங்கும் உள்ள கடல் உயிரியல் மாணவர்களுக்கு அறிமுகமான பெயர். முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடையிலான உறவைப் படிக்க உதவும் பெலனோகுளோசஸ் என்ற புழுவைத் தேடி ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வந்துபோன தீவு அது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவதானால் இதைவிடப் பொருத்தமான ஓர் அரைநாள் இந்தக் கரையில் இல்லை என்றே சொல்வேன்.

காற்றையும் கடலின் நிலையையும் பொறுத்தே படகு போகும். மண்டபத்துக்காரர்கள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வார்கள். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் வடகடல் கலங்கும். தை, மாசி, பங்குனி மாதங்களில் இரண்டு பக்கமும் ஓரளவு அமைதியாக இருப்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் சரியானதே. சித்திரை, வைகாசியில் கடல் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கும் நாட்கள் உண்டு, ஆனால் அப்போதுதான் நீரின் வெப்பம் உச்சத்தில் இருக்கும். வெப்பம் தாங்காத பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வளைகுடாவில் அது பெரிய அளவில் நிகழ்ந்தது. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை; வெப்பம் தணிந்தால் மீளும். அந்த வாரங்களில் மனிதர்கள் அதன்மேல் நீந்தாமலும் மிதிக்காமலும் இருந்தால் மீள்வதற்கான வாய்ப்பு கூடும். எனவே கோடையில் வருபவர்கள் நீருக்குள் இறங்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

தீவில் இறங்கியபின் எப்படி நடந்துகொள்வது? இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வற்றும் நேரத்தில் பவளத்திட்டின் மேற்பரப்பு முழங்கால் அளவு நீரில் தெரியும். பார்க்கக் கல்லாகத் தெரிவதெல்லாம் கல் அல்ல. மான்கொம்புபோல் கிளைத்த பவளம் ஒரு மிதியில் முறிந்துவிடும். உருண்டையாகப் பாறைபோல் இருக்கும் வகையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளர்வது, ஆகவே ஆளுயரப் பாறை ஒன்று வளர ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கக்கூடும். மணல் தெரியும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள்; வழிகாட்டி எந்தத் தடத்தில் போகிறாரோ அதே தடத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசிக்கொண்டே நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை அசைவை உணர்ந்து விலகிவிடும். உங்களுக்கும் முள் குத்தாது.

குழந்தைகளுக்குக் கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதை அடியோடு தடுக்கவேண்டாம், முறையைச் சொல்லிக்கொடுங்கள். வற்றிய நீரில் கிடக்கும் ஒரு பவளக்கல்லின் மேற்புறம் வெயிலும் அலையும் பட்டு மொட்டையாக இருக்கும். மெதுவாகத் தூக்கினால் அடிப்புறம் வேறொரு உலகம்: ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு ஒட்டியிருக்கும், ஊசிபோன்ற கைகளை அசைத்துக்கொண்டு நொறுங்கு நட்சத்திரம் ஒன்று இருட்டைத் தேடி நழுவும், அரிசி அளவு நண்டு தன் வயிற்றில் முட்டைகளைச் சுமந்துகொண்டு ஓடும், ஏதோ ஒரு நத்தையின் முட்டைகள் பசைபோல் ஒட்டிக் கிடக்கும். இவை அனைத்தும் நிழலிலும் ஈரத்திலும் மட்டுமே வாழ்பவை. கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு அப்படியே நகர்ந்தால், அடுத்த ஓதம் ஏறுவதற்குள் வெயிலில் அவை செத்துவிடும். மேற்புறத்தில் இருந்த பாசியும் அடியில் சிக்கி அழுகும். ஆகவே ஒரு கல், ஒரு நிமிடம், இருந்த இடத்தில் இருந்த பக்கமாகவே மெதுவாகத் திரும்ப வைப்பது என்ற ஒழுங்கைச் சொல்லுங்கள். அதுவும் வழிகாட்டி உடன் இருந்து சரி என்று சொன்னால் மட்டும். கையை நேராகக் கல்லின் அடியில் நுழைக்கக்கூடாது, ஏனெனில் கடல் முள்ளெலியும் கல்மீனும் அங்கே இருக்கலாம். மீன் முள்ளோ திருக்கை முள்ளோ குத்திவிட்டால், தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை நெடுநேரம் அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். அதன்பின் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதையும் எடுத்துவராதீர்கள். இது ஒழுக்கம் மட்டும் சார்ந்த வேண்டுகோள் இல்லை. பவளங்கள், கடல்விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டும் அதில் அடக்கம். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. காலிச் சிப்பியை எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். காலியாகக் கிடக்கும் சிப்பிதான் துறவி நண்டுக்கு வீடு. அதற்குச் சொந்தமாக ஓடு கிடையாது, வளர வளரப் பெரிய சிப்பியைத் தேடி மாறிக்கொண்டே இருக்கவேண்டும். இராமேசுவரம் கடைவீதியில் விற்கும் சங்கு, சிப்பி, அலங்காரப் பொருட்களில் சட்டப்படி விற்கத்தக்கவையும் உண்டு, தடைசெய்யப்பட்டவையும் கலந்திருக்கும். வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவது கடினம். வாங்காமல் வருவதே பாதுகாப்பு.

வெயிலுக்கு உடலில் பூசும் சன்ஸ்கிரீன்களில் உள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற பொருட்கள் பவளத்தின் இளம் உயிர்களைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் போதும். கடலுக்குப் போகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

படகில் உயிர்காப்பு மேலாடை அணியாமல் ஏறாதீர்கள், குழந்தைக்குப் பொருந்தும் அளவு இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேளுங்கள். படகோட்டி அண்ணன் ஆழமற்ற இடத்தில் வேகத்தைக் குறைத்தால் அவசரப்படுத்தவேண்டாம். அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. விசைப்பொறியின் இறக்கையும் இழுபடும் நங்கூரமும் கடற்புல்லை வேரோடு கிழித்துவிடுகின்றன. அந்தத் தழும்பு ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழ்வது கடற்பசு. இந்தக் கரையில் அதை ஆவுளியா என்பார்கள். மூச்சு விட நீர்மட்டத்துக்கு வரும் அதன்மேல் படகு மோதுவதும், வலையில் சிக்கி அது மூச்சுத்திணறி இறப்பதும் நடக்கின்றன. வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது, எஞ்சியிருப்பவை அவ்வளவு குறைவு என்பதால்தான்.

இனி இரவு தங்கும் விஷயம். கடலின் ஓசையோடு கூடாரத்தில் உறங்கவேண்டும் என்ற உங்கள் ஆசையைக் கரையில் நிறைவேற்றிக்கொள்ள முடியும், ஆனால் எங்கே வேண்டுமானாலும் என்று இல்லை. தனுஷ்கோடியை நினைக்காதீர்கள். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊர்ப்பகுதியிலும் அரிச்சல்முனையிலும் மாலைக்கு மேல் வெளியாட்கள் இருக்க அனுமதி இல்லை. 2025-இல் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வடகடல் பக்கம் உச்சிப்புளிக்கு அருகில் உள்ள அரியமான் கடற்கரையில் அலை குறைவு, சவுக்குத் தோப்பு உண்டு, குழந்தைகளுக்கு ஏற்ற இடம். ஆனாலும் பொதுக் கடற்கரையில் இரவில் கூடாரம் அடிப்பதற்கு முன் உள்ளாட்சியிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளவேண்டும். அதைவிடச் சிறந்தது, கரைக்குச் சற்று உள்ளே தென்னந்தோப்போ பனங்காடோ வைத்திருப்பவரிடம் கேட்டு, வாடகை கொடுத்து அவர் நிலத்தில் தங்குவது. கிணறும் கழிப்பறையும் இருக்கும், ஊர்க்காரர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே பாதுகாப்பு.

அப்படித் தங்கும்போது கவனிக்கவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூடாரம் மணல்மேட்டின் மேலோ அதன் கடல்புறத்திலோ இருக்கக்கூடாது. மேட்டுக்குப் பின்னால், ஏற்கெனவே வெறுந்தரையாக உள்ள இடத்தில் இருக்கட்டும். காற்று வீசும் கரையில் தீ மூட்டவேண்டாம். சவுக்குச் சருகும் பனையோலையும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மணலால் மூடிய கங்கு மறுநாள் காலைவரை சூட்டோடு கிடந்து வெறுங்காலுடன் வரும் யாரோ ஒருவரின் பாதத்தைச் சுட்டுவிடும். சிறிய எரிவாயு அடுப்பு போதும், முடிந்தால் ஊரில் சமைக்கும் ஒரு வீட்டில் சாப்பாடு சொல்லிவிடுங்கள். மீன்குழம்புக்காகவே இன்னொரு முறை வரத் தோன்றும். இரவில் கடல் தெரியும் பக்கம் விளக்கை வைக்காதீர்கள். நடக்கும்போது சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். மணலில் டிராக்டர் சக்கரத்தின் தடம்போல் அகலமான தடம் கடலிலிருந்து மேலேறிப் போவதைக் கண்டால் அது ஆமையின் தடம். தொடராமல், படம் எடுக்க மின்னொளி போடாமல், விடிந்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுவார்கள். சோற்று மிச்சத்தைக் கரையில் கொட்டினால் நாயும் காகமும் கூடும். அவை அடுத்து தோண்டுவது ஆமையின் முட்டைகளை.

குப்பையைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிகள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. தண்ணீருக்குக் கேன், சாப்பாட்டுக்கு எவர்சில்வர், பொருட்களுக்கு மஞ்சப்பை. நீங்கள் கொண்டுவந்தவை எல்லாம், குழந்தையின் டயப்பரும் சேர்த்து, மதுரைக்கே திரும்பிப் போகவேண்டும். கடலோரச் சிற்றூர்களில் குப்பை சேகரிக்கும் வசதி குறைவு, தொட்டியில் போட்டதும் காற்றில் கடலுக்கே போகும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் அறுந்த வலைத்துண்டைக் கண்டால் எடுத்து அலைக்கு எட்டாத இடத்தில் போட்டுவிடுங்கள். கடலில் மிதக்கும் அந்த வலையில்தான் ஆமைகள் கழுத்து இறுகிச் சாகின்றன.

பாசி எடுக்கும் பெண்களையோ, கரைவலை இழுப்பவர்களையோ கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நனைந்த உடையோடு கரையேறுகிற ஒருவரை நோக்கிக் கேமராவைத் திருப்புவது எவ்வளவு அநாகரிகம் என்பது நமக்கே தெரிந்ததுதான், ஆனால் சுற்றுலா மனநிலையில் மறந்துவிடுகிறோம். "அக்கா, பேசலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால், எந்தப் பாறையில் எப்போது என்ன இருந்தது, எது இப்போது இல்லை என்று எந்த அறிக்கையிலும் கிடைக்காத கடல் வரலாற்றைச் சொல்வார்கள். டிரோன் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பூங்கா, கடல் எல்லை இரண்டும் அருகில் இருப்பதால் பறிமுதல் ஆவதற்கே வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு இரண்டு பகல்கள் இருக்கின்றன என்றால் நான் இப்படித் திட்டமிடுவேன். முதல் நாள் காலையில் குந்துகாலிலிருந்து குருசடை. வெயில் ஏறுமுன் போனால் காற்றும் குறைவு, நீரும் தெளிவு. மாலையில் அரியமான். இரண்டாம் நாள் தொண்டிக்குப் போகும் வழியில் உள்ள காரங்காடு. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வரும் சூழல் சுற்றுலாவை வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள், ஊர்ப் பெண்கள் சமைத்த கடலுணவும் கிடைக்கும். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே துடுப்புப் போட்டுப் போகும்போது பறவைகளை நெருங்கிப் பார்க்கலாம். குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்களோ ஆய்வாளர்களோ பிற தீவுகளுக்குப் போகவேண்டும் என்றால், இராமநாதபுரத்தில் உள்ள மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். சட்டம் ஆய்வுக்கும் படிப்புக்கும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. உங்களைப்போல் குடும்பமாக வருபவர்களுக்குக் குருசடைப் படகே போதுமானது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் தொலைபேசியில் கேட்டு, மறுநாள் படகு போகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். காற்று ஏறியதால் போகவில்லை என்று சொன்னால் வற்புறுத்தவேண்டாம். அன்றைக்கு மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, அதற்கு மறுநாள் கேளுங்கள். கடலில் ஏதேனும் ஆபத்து நேர்ந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையும், இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் அழைக்கலாம். படகில் ஏறுமுன்பே இரண்டையும் பெரியவர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.